அரைச்செகண்டு அண்ணாச்சியும் வேம்பார் வெடியும்

கடவுள் மனுஷனுக்குக் கண்ணையும் காதையும் தனித்தனியாகப் படைத்தது பெரிய தப்பு என்று மனப்பூர்வமாக நம்புகிற ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் அரைச்செகண்டு அண்ணாச்சிதான். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால் படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போகுமா என்பது அவர் கட்சி. இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை தூக்கி எறிய ஸ்டேப்ளரைத் தேடியும் இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதுசில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கும். எங்கள் சந்தில் அதைக் கேட்டவர் யாருமில்லை.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தச் சந்து. மாடியில் எங்கள் ஆபீஸ்; கப்பலுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி. யார் எந்தக் கப்பலில் ஏறுகிறார், யார் இறங்குகிறார், அவர்களுடைய காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கீழே அண்ணாச்சியின் கடை. பழைய வீடியோ கேசட், செட்டாப் பாக்ஸில் பதிவு செய்த நிகழ்ச்சி, எதைக் கொண்டுபோனாலும் பென் டிரைவில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பார். இந்தக் காலத்தில் அதற்கெல்லாம் யார் வருகிறார்கள் என்று கேட்காதீர்கள். பட்டிமன்றக் கூட்டத்தில் கைதட்டும்போது ஒரு நொடி முகம் தெரிந்தவர் வருவார். மகள் சடங்கு வீடு உள்ளூர் கேபிளில் ஓடியதைப் பத்திரப்படுத்த நினைப்பவர் வருவார். டிவியில் வந்த முகத்தை அழிய விட எந்தத் தமிழனுக்கும் மனசு வராது.

நானும் அப்படித்தான் போனேன். உள்ளூர் சேனலில் கணவாய் மீன் வறுவல் செய்து காட்டியிருந்தேன். வீட்டில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்த்தால், நான் வாயை மூடிக்கொண்டு உப்புப் பார்க்கும்போது "நல்லா கிளறணும்" என்று என் குரல் கேட்கிறது. வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். அண்ணாச்சி இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். சொத்தைப்பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அரைச் செகண்டு, தங்கச்சி. முழுசா அரைச் செகண்டு. எப்படித்தான் இதைப் பாத்துக்கிட்டு சோறு திங்கியளோ."

அதன் பிறகு எனக்குப் பாடம் நடந்தது. சத்தம் விலகுவதில் இரண்டு ஜாதி உண்டாம். முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை ஒரே அளவில் விலகி நிற்பது தலைவலி மாதிரி. ஒரே ஒரு தடவை தள்ளிவிட்டால் சரியாகிவிடும். ஆரம்பத்தில் ஒழுங்காக இருந்து போகப்போக விலகுவது சர்க்கரை வியாதி மாதிரி. எங்கே தொடங்கியது என்று தேடித் தேடி வைத்தியம் பார்க்க வேண்டும். எனக்கு வந்திருப்பது வெறும் தலைவலிதான் என்று ஆறுதல் சொன்னார். கணவாயைச் சட்டியில் போட்டபோது வந்த "சுர்" சத்தத்தையும் படத்தையும் பொருத்தி, பத்து நிமிஷத்தில் என் வாயில் என் பேச்சைத் திரும்ப வைத்தார். போகும்போது ஒரு கட்டளையும் போட்டார்: இனிமேல் எதைப் பதிவு செய்தாலும் தொடக்கத்தில் ஒரு தடவை கேமராவுக்கு முன்னால் கை தட்ட வேண்டும். கை சேருகிற படமும் தட்டுகிற சத்தமும் இருந்தால் எந்தக் கோளாறையும் பிடித்துவிடலாமாம்.

இந்தக் கட்டளை எங்கள் சந்தையே கெடுத்துவிட்டது. பிறந்தநாள் கேக் வெட்டும் முன்னால் தட்டுகிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் போனை நீட்டிக்கொண்டு ஒருவர் தட்டியதில், பெண்ணின் அப்பா காப்பியைக் கொட்டிவிட்டார்.

கிரிக்கெட் நடக்கிற நாளில் அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும். டீக்கடையில் கேபிள், எதிரே பல் டாக்டர் வீட்டில் டிஷ், மாடியில் எங்கள் ஆபீஸ்காரர்கள் போனில் பார்ப்பார்கள். ஒரு விக்கெட் விழுந்தால் முதலில் டீக்கடை கத்தும், நாலு செகண்டு கழித்துப் பல் டாக்டர் வீடு கத்தும், அரை நிமிஷம் ஆனபிறகு எங்கள் ஆபீஸ் கத்தும். ஒரே விக்கெட் ஒரே சந்தில் மூன்று தடவை விழும். அண்ணாச்சி ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டார். நடுச்சந்தில் நின்று கடிகாரத்தில் நேரம் குறித்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். கடைசி ஓவர் வந்தால் மாடிப்படி ஏறி வந்து, "அவன் அவுட்டு, இனிமே பாக்காதீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போவார். எங்கள் கேஷியர் இதற்காகவே அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

அவர் வாழ்க்கையின் பெருந்தோல்வி ஒரு புராண சீரியல். முத்தையாபுரத்திலிருந்து ஒரு அம்மா நாற்பது பகுதிகள் பதிவு செய்து கொண்டுவந்தார். அண்ணாச்சி ஒரு வாரம் மல்லுக்கட்டினார். ராஜா வாயை மூடினால் பேச்சு நிற்கவில்லை. பேச்சு நின்றால் ராஜா வாயை மூடவில்லை. முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார், நீட்டினார், சுருக்கினார். எட்டாம் நாள் அந்த அம்மாவை உட்கார வைத்து, துக்கம் சொல்கிற குரலில் சொன்னார்.

"யம்மா, கோளாறு நம்ம பக்கம் இல்ல. அவுக வேற பாஷை பேசுதாவ, நமக்கு வேற பாஷை கேக்கு."

அது டப்பிங் சீரியல் என்று சந்தில் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. நான் சொல்லாமலிருந்தது வேறு காரணத்துக்காக; எத்தனை நாள் தாங்குகிறார் பார்ப்போம் என்றுதான்.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் மரியதங்கம் அக்காவை நான் கூட்டிக்கொண்டு போனேன்.

மரியதங்கம் அக்காவுக்கு ஊர் வேம்பார். வீட்டுக்காரர் லாசர் அண்ணன் எங்கள் கம்பெனி அனுப்பிய கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ஜெசிந்தா. மகளுக்குக் கல்யாணம் குறித்து, கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கும் அறிவித்தாகிவிட்டது. லாசர் அண்ணன் வந்து இறங்க வேண்டிய நேரத்தில், அவருக்குப் பதிலாகப் போக வேண்டிய ஆள் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் நின்றுவிட்டார். மாற்று ஆள் இல்லாமல் கப்பலை விட்டு இறங்க முடியாது. தேதியைத் தள்ளலாம் என்றால் மாப்பிள்ளையும் கப்பல்காரர், அவர் லீவு முடிகிறது. "லாசர் அண்ணன் வரமுடியாதுக்கா" என்று அந்த அக்காவிடம் போனில் சொன்ன பாவி நான்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "சரி தாயி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வீடியோவை அனுப்பிவிட்டால் மனுஷர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் சமாதானப்பட்டார்கள். மூன்றாம் நாள் வீடியோக்காரரின் ஹார்டு டிஸ்க் படுத்தது, எழவே இல்லை. ஆனால் வேம்பாரில் கோயில் கல்யாணத்தை உள்ளூர் கேபிளில் நேரடியாகக் காட்டுவது வழக்கம். கால் முறிந்து கட்டிலில் கிடந்த அக்காவின் தங்கச்சி, வீட்டில் இருந்தபடியே டிவியில் பார்த்ததோடு, செட்டாப் பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பதிவும் செய்திருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அதை மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருத்தன் கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தார்கள். முதல் கால் மணி நேரம் பெரிய கோளாறு தெரியவில்லை. அன்றைக்குக் கடற்காற்று பலமாம். கேபிள் ஆடி ஆடி அடிக்கடி படம் விட்டுப்போயிருந்தது. விட்டுப்போன ஒவ்வொரு இடத்திலும் படம் உறைந்து நிற்க, சத்தம் மட்டும் காத்திராமல், விட்டுப்போன துண்டைத் தாண்டி ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. வார்த்தைப்பாடு கொடுக்கிற இடம் வருவதற்குள் இருபது செகண்டு விலகிவிட்டது. விளைவு என்னவென்றால், பங்குச்சாமி முன்னால் மாப்பிள்ளை மீசையோடு நின்று வாயசைக்கிறார். ஜெசிந்தாவின் கீச்சுக் குரலில், இவரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மரியதங்கம் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு சமையல்காரர் லாசர் அண்ணனின் கப்பலில் சேரப் புறப்படுகிறார். அவர் கையில் பென் டிரைவைக் கொடுத்துவிட வேண்டும். அதை விட்டால் லாசர் அண்ணன் இறங்க இன்னும் நாலு மாதம். கப்பலில் இருக்கிற இன்டர்நெட்டில் ஒரு போட்டோ போய்ச் சேருவதே பெரிய பாடு. மூன்று மணி நேரக் கல்யாணம் எங்கே போகும்? திங்கட்கிழமை காலையில் அக்காவும் நானும் கடைக்குப் போய் இதையெல்லாம் சொன்னோம்.

அண்ணாச்சி அந்த மீசைக்கார மாப்பிள்ளை பெண் குரலில் பேசுவதை ஒரே ஒரு தடவை பார்த்தார். எழுந்து கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணில் அப்படியொரு வெளிச்சம். நாற்பது பகுதி புராணத்தில் தோற்றவருக்குக் கடைசியில் ஒரு நிஜமான எதிரி கிடைத்துவிட்டது.

மாற்றிக் கொடுத்ததை அவர் தொடவே இல்லை. அக்காவின் தங்கச்சி பதிவு செய்த மூலத்தை வாங்கிக்கொண்டார். படத்தைத் தனியாகவும் சத்தத்தைத் தனியாகவும் பிரித்தார். எங்கெல்லாம் சத்தம் விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். நாற்பத்தோரு இடம். அந்த ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு காணாமல் போயிருக்கிறதோ அவ்வளவு நீளத்துக்கு மௌனத்தை வைத்துத் தைத்தார். தைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கிப் பார்க்கும்போதெல்லாம், ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருபத்திரெண்டு முடிஞ்சிட்டு தங்கச்சி" என்பார். மறுநாள் "முப்பத்தேழு" என்பார். எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ உலகக் கோப்பை ஸ்கோர் கேட்பது மாதிரி மாடியில் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவரோடு பேசாமலிருந்த கேஷியர்கூட, "நாப்பத்தொண்ணும் விழுந்துட்டா?" என்று என் வழியாக விசாரித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பத்தொன்றும் முடிந்தது. சர்க்கரை வியாதி தீர்ந்தது, தலைவலி மட்டும் பாக்கி. பதிவின் தொடக்கமே கிழிந்திருந்ததால், மொத்தச் சத்தத்தையும் எங்கே நிறுத்துவது என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும். கை தட்டல் எதுவுமில்லை. உதட்டைப் பார்த்துப் பொருத்தலாம் என்றால், மாப்பிள்ளைக்கு மீசை, பெண் முகத்தில் வலை, சாமியார் வாய்க்கு முன்னால் மைக். அண்ணாச்சி அசரவில்லை. உதடு பொய் சொல்லும், வெடி பொய் சொல்லாது என்றார்.

எங்கள் கடற்கரையில் தாலி கட்டும்போது வெடி போடாவிட்டால் கல்யாணம் நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. வேம்பாரில் முன்னொரு தடவை பந்தலில் தீப்பிடித்ததிலிருந்து, கோயில் பக்கத்தில் போடாமல் ரோட்டைத் தாண்டி மணலில் போடுகிறார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கோயில் வாசலில் ஒருவர் துண்டை வீசுவார், அங்கே திரி கொளுத்துவார்கள். கேபிள்காரரும் வழக்கம்போல அந்த நேரம் பீடத்துப் பக்கம் நின்றபடியே கேமராவை வாசலுக்குத் திருப்பி, மணலில் வெடி வெடிப்பதைக் காட்டியிருந்தார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். படாரென்று ஒரு சத்தம். இரண்டையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வைத்துவிட்டு, அண்ணாச்சி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வேம்பார் பஸ்ஸில் வந்து இறங்கிய மரியதங்கம் அக்கா முன்னால் அண்ணாச்சி படத்தைப் போட்டார். நானும் ஆபீஸை அம்போவென்று விட்டுவிட்டு வந்து நின்றேன். மாப்பிள்ளை மாப்பிள்ளை குரலிலேயே பேசினார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. ஜெசிந்தா பேசினாள். அக்கா முகம் சரியாக இல்லை.

"அண்ணாச்சி, எம்மவ வாயத் தொறக்கும் முன்னயே பேச்சு வந்திருது."

அண்ணாச்சி சிரித்தார். வலைக்குள் இருக்கிற வாய் யாருக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியும் என்றார் அக்கா. அளந்து வைத்திருக்கிறேன், வெடியைப் பாருங்கள் என்று அண்ணாச்சி போட்டுக் காட்டினார். வெளிச்சமும் சத்தமும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி வந்தன. அக்கா தலையாட்டிவிட்டு, வெடி சரிதான், மகள்தான் சரியில்லை என்றார். அண்ணாச்சி திரும்பவும் போட்டுப் பார்த்தார். இந்தத் தடவை அவரும் வலைக்குள் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு முகம் வெளுத்தது. அக்கா சொன்னது உண்மை. வெடி பொருந்தியிருந்தது, வாய் பொருந்தவில்லை. இரண்டும் ஒரே படத்தில் எப்படி இருக்க முடியும்?

பத்தரை. பதினொன்று. அவர் ஒவ்வொரு தையலாக மறுபடியும் பார்த்தார். ஒன்றும் தப்பில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் பாருங்களேன் என்றேன் நான். கொஞ்சம் என்று ஓர் அளவு கிடையாது என்று என்மேல் எரிந்து விழுந்தார். எனக்கும் கோபம் வந்தது. மணி ஒன்றுக்குக் கார், மாற்றி முடிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும், இப்படியே கொடுத்துவிடுங்கள் என்று நான் கத்தினேன். அக்காவும், பரவாயில்லை அண்ணாச்சி, அவர் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார் என்றார்.

அண்ணாச்சி பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாலு மாசம் கடல்ல கெடக்கப்போறவருக்கு வேற என்ன இருக்கு? திரும்பத் திரும்ப இதைத்தான் போட்டுப் பாப்பாவ. ஒவ்வொரு மட்டமும் மக பேச்சு வேற எங்கனயோ இருந்து வரும். எதுன்னு தெரியாது, ஆனா மனசு ஒட்டாது. நான் தரமாட்டேன்."

நான் ஸ்டேப்ளரைத் தேடியது இந்த இடத்தில்தான். அது மாடியில் இருந்தது அவருடைய நல்ல காலம்.

அக்கா மட்டும் அமைதியாக, எந்த வெடியை வைத்துப் பொருத்தினீர்கள் என்று கேட்டார். தாலி வெடிதான், மணலில் போட்டது என்றார் அண்ணாச்சி.  அக்கா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"அந்த வெடிச் சத்தம் பிந்தித்தான வரணும், அண்ணாச்சி. எங்க வீட்டுக்கு எதுக்கால கடக்கரையில வள்ளத்துக்கு ஆணி அடிப்பாவ. சுத்தியல் எறங்கி திரும்ப மேல போனப்பொறவுதான் எங்களுக்கு டொக்குன்னு கேக்கும். நீங்க ரெண்டையும் சேத்து வச்சா எப்படி?"

 முப்பது வருஷமாகச் சத்தத்தையும் படத்தையும் சேர்த்து வைப்பதே தொழிலாக இருந்தவர். சேரவே கூடாத ஓர் இடம் உலகத்தில் உண்டு என்பதை மறந்துபோனார். கடலைப் பார்த்து வாழ்கிற ஊரில் மின்னலுக்குப் பின்னால்தான் இடி என்று தெரியாத பிள்ளை கிடையாது. அண்ணாச்சி தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். அடுத்த நொடி ஸ்டூல் ஒரு பக்கம் உருள, எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல? தோற்றவர் முகமாகவே இல்லை.

"தூரம் எம்புட்டு?" என்றார்.

பீடத்திலிருந்து வெடி போட்ட இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், சத்தம் எவ்வளவு பிந்த வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். வேம்பார் கோயில் உபதேசியாருக்குப் போன் போட்டார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவருக்கு இதை விளக்க நேரமில்லை. பீடத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டே வெடி போட்ட மணல் வரைக்கும் ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டு நடங்கள் என்று மட்டும் சொன்னார். பாவம், நல்ல மனுஷர், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. போனில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். எழுபத்தெட்டில் யாரோ வழியில் நிறுத்தி, "என்ன உபதேசியாரே, நெலம் அளக்கியளா?" என்று கேட்டார்கள். உபதேசியார் நின்று, அந்த ஆளுடைய அம்மாவின் மூட்டுவலியை விசாரித்துவிட்டு, "எங்கன விட்டேன்?" என்றார்.

எழுபத்தெட்டு என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அரைச் செகண்டு என்ன, அரைக்கால் செகண்டுகூட வித்தியாசமில்லை.

நூற்று நாற்பத்தெட்டில் மணல் வந்தது. உம்முடைய உயரம் என்ன, எட்டு நீளமாக வைப்பீரா, குட்டையாக வைப்பீரா என்று அண்ணாச்சி கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெரியவர் பதில் சொன்னார். அண்ணாச்சி விரலால் மேஜையில் கணக்குப் போட்டார். நூற்றுப் பத்து மீட்டர் சொச்சம். சத்தம் அந்தத் தூரம் நடக்க மூன்றில் ஒரு பங்கு செகண்டு. நம் டிவியில் செகண்டுக்கு இருபத்தைந்து படம். எட்டுப் படம் பின்னால் தள்ள வேண்டும்.

தள்ளினார். முதலில், வார்த்தைப்பாடு முடிந்து சாமியார் மைக்குக்குப் பக்கத்தில் புத்தகத்தை மூடுகிற இடத்தைப் போட்டார். அட்டை சேர்ந்தது, "டப்" என்றது. பிறகு ஜெசிந்தாவைப் போட்டார். நான் படத்தைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தேன். அக்கா உதடும் மகளோடு சேர்ந்து அசைந்தது. முடிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பம் எம்மவதான் பேசுதா" என்றார்.

மணி பன்னிரண்டு பத்து. மாற்ற ஒரு மணி நேரம், பென் டிரைவில் ஏற்றக் கொஞ்ச நேரம். கார் ஒரு மணிக்கு. நான் மாடிக்கு ஓடினேன். சமையல்காரர் பெட்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நல்லவர்களுக்குத்தான் நேரம் தவறாமை என்கிற கெட்ட பழக்கம் இருக்கும். அவருடைய காகிதமெல்லாம் போன வாரமே நான் சரிபார்த்தவைதான். எல்லாவற்றையும் திரும்ப வாங்கினேன். இந்தக் கையெழுத்து சாய்ந்திருக்கிறது, இன்னொன்று போடுங்கள் என்றேன். தடுப்பூசிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, காது வேறு மாதிரி இருக்கிறதே என்றேன். மனுஷருக்கு வேர்த்து ஊற்றியது. கீழே கார் ஹாரன் அடித்தது. எங்கள் கேஷியர், யாரும் கேட்காமலே இறங்கிப்போய், டிரைவரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குள் நுழைந்தார். அந்தக் கேஷியரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

ஒன்று இருபதுக்கு அண்ணாச்சி மாடிப்படியில் வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. பென் டிரைவைச் சமையல்காரர் கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடினார். கப்பல் டிவியில் போடும் முன்னால் வேறொரு படத்தைப் போட்டு வாயும் பேச்சும் ஒத்து வருகிறதா பாருங்கள், ஒத்து வரவில்லை என்றால் லாசரிடம் டிவியில் பார்க்க வேண்டாம், கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பீக்கரைத் தூரத்தில் வைக்காதீர்கள் என்று மூச்சு வாங்க அடுக்கினார். காது வேறு என்று சொல்லப்பட்ட கலக்கத்தில் இருந்த அந்தச் சமையல்காரர், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் காருக்கு ஓடினார். விமானத்தைப் பிடித்துவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால் என் வேலை போயிருக்கும். போகட்டும் என்றுதான் அப்போது இருந்தது.

பன்னிரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. அண்ணாச்சி தினமும் காலையில் மாடியைப் பார்த்து ஒரு தடவை தலையைத் தூக்குவார். நான் இல்லை என்று கையை விரிப்பேன்.

பதின்மூன்றாம் நாள் மரியதங்கம் அக்கா, ஒரு பை நெத்திலிக் கருவாடும் கையில் போனுமாக வந்து இறங்கினார். கப்பல் ஏதோ துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது, பதினொரு மணிக்கு அண்ணாச்சியிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார் என்றார். சரியாகப் பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

லாசர் அண்ணனின் முகம் வந்தது. வந்து உறைந்து நின்றது. வாய் திறந்தபடி நிற்கிற முகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு முகம் அசைந்து, வாயை மூடி, கண்ணைத் துடைத்தது. அதற்கும் பிறகுதான் குரல் வந்தது.

"அண்ணாச்சி, மூணு மட்டம் பாத்துட்டேன். அவ சாமியார்ட்ட சொல்லுதப்போ நான் பக்கத்துலயே நின்னு கேட்ட மாதிரி இருந்திச்சு."

படத்தில் அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் அழுதுகொண்டிருந்தது. எனக்கு அண்ணாச்சியை நினைத்துப் பயமாக இருந்தது. டீக்கடை டிவியில் அரைச் செகண்டு பிந்தினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவர் அவர். இங்கே பத்துச் செகண்டுக்கு மேல். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் தொடாமல், கண்ணை எடுக்காமல், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு வரும்போது தலையாட்டினார். பேச்சு வராத நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சத்தம் ரொம்பப் பிந்துகிறதே அண்ணாச்சி என்று காதோரம் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"பிந்தட்டும் தங்கச்சி. அம்புட்டுத் தூரத்துல இருந்துல்லா வருது."

அந்த மனுஷரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.